ஒரே கூடத்தில் இரு குழுக்கள்: டெம்ப்டேஷன்ஸும் ஃபோர் டாப்ஸும்

1960களின் அமெரிக்க டெட்ராய்ட் நகரத்தில் கறுப்பினப் பாடகர்கள் வளர்த்த சோல் இசையைப் பற்றிப் பேச்செடுத்தால், டெம்ப்டேஷன்ஸ் உயர்ந்ததா, ஃபோர் டாப்ஸ் உயர்ந்ததா என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. இரண்டும் பெர்ரி கோர்டியின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக, வெஸ்ட் கிராண்ட் பூலவார்டு வீதியில் ஒரு சாதாரண வீட்டுக்குள் அமைந்திருந்த அதே ஒலிப்பதிவுக் கூடத்தில், ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர் பெற்ற அதே வாத்தியக்காரர்களின் துணையோடு பாடியவை. ஒற்றைச் சுட்டுவிரலால் பேஸ் கிதாரை மீட்டிய ஜேம்ஸ் ஜேமர்சன் இரு குழுக்களின் பாடல்களுக்கும் அடித்தளமாக நின்றார். ஆகவே வாத்தியத்தையும் கூடத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் குரல்களை மட்டும் எடைபோட்டுப் பார்க்க முடிகிறது.

டெம்ப்டேஷன்ஸின் பலம் ஐந்து குரல்களின் அகலத்தில் இருக்கிறது. மெல்வின் ஃபிராங்க்ளினின் அடிவயிற்று மந்தரக் குரலில் தொடங்கி, எடி கென்ட்ரிக்ஸின் பொய்க்குரல் உச்சம் வரை ஒரு முழு ஏணியை அவர்களே வைத்திருந்தார்கள். இடையில் பால் வில்லியம்ஸும் ஓடிஸ் வில்லியம்ஸும் நின்றார்கள். 1964இல் கரகரத்த குரலோடு டேவிட் ரஃபின் வந்து சேர்ந்த பிறகு வெளியான 'மை கேர்ள்' பாடலைக் கூர்ந்து கேட்டால் இந்த அகலம் விளங்கும். முதலில் பேஸ் கிதார் தனியே துடிக்கிறது. அதன்மேல் ராபர்ட் ஒயிட்டின் கிதார் ஐந்து சுரங்களில் படிப்படியாக ஏறுகிறது. நம் காதுக்கு அது மோகன ராகத்தின் ஆரோகணமேதான். முதல்முறை கேட்கும் தமிழருக்கும் அந்தப் பாடல் அந்நியமாகப் படாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ரஃபின் தனியே பாடத் தொடங்க, மற்ற நால்வரும் ஒவ்வொருவராகப் பின்னால் வந்து கூடுவதில் பாடல் மலர்கிறது.

ஃபோர் டாப்ஸின் கட்டுமானம் வேறு. 1963இல் மோட்டவுனுக்கு வருமுன்பே அவர்கள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இரவு விடுதிகளில் ஜாஸும் மேடைப் பாடல்களும் பாடிப் பழகியவர்கள். அவர்களின் முதன்மைப் பாடகர் லீவை ஸ்டப்ஸ் இயல்பிலேயே கனமான, இடைநிலை ஆண்குரல் கொண்டவர். மோட்டவுனின் பாடலாசிரியர்களும் தயாரிப்பாளர்களுமான ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் மூவரும் அவருக்கான பாடல்களின் சுருதியை வேண்டுமென்றே உயர்த்தி அமைத்தார்கள். எட்டாத உயரத்தை எட்ட அவர் படும் பாட்டிலிருந்துதான் அந்தக் கெஞ்சல் பிறந்தது. குழுவின் மற்ற மூவரும் பின்னணியில் நிற்க, இசைத்தட்டுகளில் மேல்நிலைக் குரல்களை ஆண்டாண்டீஸ் என்ற பெண்கள் குழு நிரப்பியது. குரல் அகலத்தில் டெம்ப்டேஷன்ஸே முன்நிற்கிறது என்பதை இந்த ஒரு செய்தியே காட்டிவிடும்.

ஆனாலும் 1966இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்த 'ரீச் அவுட் ஐ'ல் பி தேர்' பாடலில் ஸ்டப்ஸ் பாதி பாடுகிறார், பாதி கூவி அழைக்கிறார். அடுத்த ஆண்டு வந்த 'பெர்னடெட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. முடிவை நெருங்கும் வேளையில் வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்றுபோகின்றன. முடிந்துவிட்டது என்று எண்ணும் கணத்தில் அந்தப் பெண்ணின் பெயரை ஸ்டப்ஸ் தொண்டை கிழியக் கத்துகிறார், பாடல் மீண்டும் எழுகிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

நீடித்த வளர்ச்சி என்று பார்த்தால் தராசு டெம்ப்டேஷன்ஸ் பக்கமே சாய்கிறது. ஹாலண்ட், டோசியர் கூட்டணி மோட்டவுனை விட்டு விலகியதும் ஃபோர் டாப்ஸ் தடுமாறியது. நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்த 1972இல் அவர்களும் வெளியேறினார்கள். அதே காலகட்டத்தில் ரஃபினை நீக்கி டென்னிஸ் எட்வர்ட்ஸைச் சேர்த்த டெம்ப்டேஷன்ஸ், தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்டின் கையில் புதிய உருவம் எடுத்தது. 'கிளவுட் நைன்' மோட்டவுனுக்கு முதல் கிராமி விருதைத் தேடித் தந்தது. 1972இல் வந்த 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்' இசைத்தட்டில் ஏறக்குறைய 12 நிமிடம் நீள்கிறது. பேஸும் தந்திகளும் ஊதுகொம்பும் சூழலை அமைத்து முடித்த பிறகே முதல் குரல் நுழைகிறது. இத்தகைய துணிச்சல் ஃபோர் டாப்ஸின் பட்டியலில் இல்லை.

பாடகர் மாறினாலும் டெம்ப்டேஷன்ஸ் என்ற பெயர் நிலைத்தது. ஃபோர் டாப்ஸோ அதே நால்வராகவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. ஒரு குழுவின் படைப்புகள் அனைத்தையும் வைத்துக் கேட்டால் நான் டெம்ப்டேஷன்ஸையே சொல்வேன். ஒரே ஒரு குரலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் ஸ்டப்ஸைத்தான் சொல்வேன்.

1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா மேடையில் இரு குழுக்களும் எதிரெதிரே நின்று மாறி மாறிப் பாடின. அது பிடித்துப்போய், பின்னர் சேர்ந்தே ஊர் ஊராகச் சுற்றின. 1997இல் ஃபோர் டாப்ஸின் நால்வரில் ஒருவரான லாரன்ஸ் பேட்டன் மறைந்தபோது எஞ்சிய மூவர் சிறிது காலம் 'தி டாப்ஸ்' என்று மட்டும் தங்களை அழைத்துக்கொண்டார்கள். அந்த நான்காவது இடத்தை அடுத்த ஆண்டு நிரப்ப வந்தவர் தியோ பீப்பிள்ஸ். அதுவரை அவர் பாடிக்கொண்டிருந்தது டெம்ப்டேஷன்ஸில்.