எஸ்.எஸ்.டி.யில் எழுதும் அளவைக் குறைக்க: கன்ட்ரோலரா, கோப்பு முறைமையா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய எஸ்.எஸ்.டி. (ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வட்டு) தேடும் நம் நண்பர்கள் கேட்பது இதுதான்: "எஸ்.எஸ்.டி.க்குள் இருந்து அதை இயக்கும் சாண்ட்ஃபோர்ஸ் கன்ட்ரோலர் சில்லே தரவைச் சுருக்கிவிடுமே, லினக்ஸில் தனியாகச் சுருக்குவது எதற்கு?"

சுருக்குவது உண்மைதான், எழுத எழுதத் தேயும் ஃபிளாஷின் தேய்மானமும் குறையும். ஆனால் மிச்சமாகும் இடம் நம் கைக்கு வராது, கன்ட்ரோலரே வைத்துக்கொள்ளும். வட்டு முழுவதையும் லினக்ஸின் லக்ஸ் (LUKS) முறையில் குறியாக்கம் செய்திருந்தால் தேய்மானப் பலனும் போய்விடும். குறியாக்கம் செய்த தரவு சுருங்காது.

என் ஓட்டு லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) கோப்பு முறைமைக்கே, அதாவது கோப்புகளை வட்டில் எழுதி நிர்வகிக்கும் மென்பொருளுக்கே. முதலில் அது சுருக்கும், பிறகுதான் லக்ஸ் குறியாக்கும்; இடமும் மிஞ்சும். 2017இல் வந்த லினக்ஸ் 4.14 முதல் இசட்எஸ்டிடி (zstd) என்ற சுருக்க முறை அதில் இருக்கிறது. மடிக்கணினிக்கு அந்தச் சுருக்கத்தின் முதல் நிலையே போதும். பதிவுக் கோப்புகளும் மூல நிரல்களும் நன்றாகச் சுருங்கும். ஜேபெக் படம், வீடியோ போன்றவற்றை, தொடக்கப் பகுதி சுருங்கவில்லை என்று கண்டதுமே அது அப்படியே எழுதிவிடும்.

அடிக்கடி சிறு சிறு மாற்றம் நடக்கும் தரவுத்தளங்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு மாற்றமும் புதிய இடத்தில் எழுதப்படுவதால் கோப்பு துண்டு துண்டாகச் சிதறும். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளைச் சுருக்க டிஃப்ராக்மென்ட் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் கட்டளை) ஓட்டவும் வேண்டாம். அவை அத்தனையும் மறுபடி எழுதப்படும்; இனி எழுதுபவை சுருங்கினால் போதும்.