எம்.எஸ். தொடங்கி பி.எச்டி. வரை கோர்ஸ் ரிசர்வை நம்பிப் படித்த அனுபவம்

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க வருகிறவர்கள் வந்து இறங்கியதும் கேட்பது, "டெக்ஸ்ட்புக் எல்லாம் வாங்கியே ஆகணுமா?" என்பதுதான். ஒரு புத்தகம் இருநூறு டாலர் என்று பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். வாங்குவதற்கு முன்னால் நூலகத்தில் கோர்ஸ் ரிசர்வ், அதாவது பாடப் புத்தகத்தைச் சில மணி நேரக் கடனுக்குத் தனியாக ஒதுக்கிவைக்கும் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எம்.எஸ்., பிறகு அங்கேயே பி.எச்டி. என்று இருந்த காலம் முழுக்க இதை வைத்துத்தான் ஓட்டினேன். டி.ஏ.வாக, அதாவது பேராசிரியருக்குக் கற்பித்தல் உதவியாளராக, இருந்தபோது அவர் சார்பில் புத்தகங்களை ரிசர்வில் போடும் வேலையும் என்னிடம் வந்தது. இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குத் தெரிந்தது: இந்த வசதி நன்றாக நடப்பதும் நடக்காததும் நூலகத்தைவிடப் பேராசிரியர் கையில்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கல்லூரிகளில் புக் பேங்க் புத்தகம் செமஸ்டர் முழுக்க ஒருவரிடமே இருக்கும், ரெஃபரன்ஸ் புத்தகம் நூலகத்தைவிட்டு வெளியே போகாது. ரிசர்வ் இந்த இரண்டும் இல்லாத ஓர் ஏற்பாடு. பேராசிரியர் பாடத்துக்குக் குறித்த புத்தகத்தைப் பொது அலமாரியிலிருந்து எடுத்து, கவுண்டருக்குப் பின்னால் தனியாக வைத்துவிடுவார்கள். கவுண்டரில் போய்ப் பாட எண்ணைச் சொல்லி ஐடி கார்டைக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் இரண்டு மணி நேரம், சிலவற்றுக்கு நான்கு, அபூர்வமாக ஒரு நாள் அல்லது மூன்று நாள். தாமதமானால் அபராதமும் மணிக்கணக்கில்தான் ஏறும். ஏற்பாடு பழையது. ஹார்வர்டில் 1877இல் நூலகராக வந்த ஜஸ்டின் வின்சர் காலத்திலேயே இப்படிப் புத்தகங்களை ஒதுக்கிவைக்கும் வழக்கம் நன்றாக வளர்ந்துவிட்டது.

இரண்டு மணி நேரத்தில் என்ன படித்துவிட முடியும் என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். உட்கார்ந்து முழுப் பாடம் படிக்க அது போதாதுதான். ஆனால் எனக்கு அதன் அருமை புரிந்தது ஹோம்வொர்க் விஷயத்தில். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் ஹீட் டிரான்ஸ்ஃபர் புத்தகத்தின் இந்தியப் பதிப்பைக் கொண்டு வந்திருந்தேன். மெல்லிய தாள், கறுப்பு வெள்ளை அச்சு, அட்டையில் இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், இலங்கை என்று விற்கலாகும் நாடுகளின் பட்டியல். பாடங்கள் ஒன்றுதான். ஆனால் அத்தியாயக் கடைசியில் இருக்கும் கணக்குகளின் வரிசையை மாற்றியிருப்பார்கள், சில கணக்குகளில் எண்களும் வேறு. பேராசிரியர் 5.17, 5.22 என்று போர்டில் எழுதினால் என் புத்தகத்தில் 5.17 வேறு ஏதோ ஒரு கணக்கு. அதனால் புதிய ஹோம்வொர்க் வந்த அன்றே கவுண்டருக்குப் போய், அமெரிக்கப் பதிப்பை வாங்கி, அந்த அத்தியாயத்தின் கணக்குப் பக்கங்களை மட்டும் பக்கத்திலிருக்கும் ஸ்கேனரில் எடுத்துக்கொள்வேன். புத்தகத்தை விரித்து மேல்நோக்கி வைத்தால் போதும், மேலேயிருந்து படமெடுத்து பி.டி.எஃப். ஆக மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடும். ஒரு காசு செலவில்லை, அரை மணி நேரம்கூட ஆகாது. படிப்பதற்கு என் புத்தகம், கணக்குக்கு ரிசர்வ் புத்தகம். இந்தியப் பதிப்பை இங்கே விற்றால் சட்டச் சிக்கல் வருமா என்று ஜூனியர்கள் பயப்படுவார்கள். தாய்லாந்திலிருந்து வந்து படித்த சுபாப் கிர்ட்சேங் என்ற மாணவர் மீது வைலி பதிப்பகம் போட்ட வழக்கில், வெளிநாட்டில் முறையாக வாங்கிய பிரதியை இங்கே மறுவிற்பனை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது.

நேரம் பார்த்துப் போவதில்தான் சூட்சுமம். ஹோம்வொர்க் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு போனால் புத்தகம் கட்டாயம் வெளியே இருக்கும். காலையில் போனால் அலமாரியிலேயே இருக்கும். நூலகம் மூடும் நேரத்தை ஒட்டி எடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் திறந்ததும் திருப்பித் தரலாம் என்று எங்கள் நூலகத்தில் ஒரு சலுகை இருந்தது. ராத்திரி முழுக்கக் கையில் இருக்கும் என்பதால் இதற்கு நல்ல கிராக்கி. ஆனால் தேர்வு வாரத்தில் நூலகம் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். மூடுகிற நேரமே இல்லாததால் இந்தச் சலுகையும் கிடையாது. தேர்வுக்கு இதை நம்பியிருந்தவர்கள் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ரிசர்வில் எனக்கு மிகப் பிடித்த புத்தகம் நூலகத்துடையதே இல்லை. ஒரு பேராசிரியர், நூலகத்தில் பிரதி இல்லை என்றதும் தன் சொந்தப் புத்தகத்தையே கொடுத்துவிட்டார். நூலகம் அதன் மேல் ஒரு தற்காலிக பார்கோடு ஒட்டி அலமாரியில் வைத்தது. உள்ளே ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். ஓர் இடத்தில் அச்சில் இருந்த கூட்டல் குறியை அடித்துக் கழித்தல் போட்டு, பக்கத்தில் அது ஏன் என்று இரண்டு வரியில் எழுதியிருந்தார். காசு கொடுத்து வாங்கிய எந்தப் புத்தகத்திலும் எனக்கு அது கிடைத்திருக்காது.

மின்புத்தகம் வந்தபின் இந்தத் தொல்லையெல்லாம் தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை. பல டெக்ஸ்ட்புக் பதிப்பகங்கள் நூலகங்களுக்கு மின்புத்தகம் விற்பதே இல்லை. விற்கிறவர்களும் ஒரு நேரத்தில் ஒருவர், அல்லது மூன்று பேர் என்று உரிமம் வைக்கிறார்கள். முப்பது பேர் வகுப்புக்கு ஒருவர் உரிமம் என்றால், கேன்வாஸ் என்கிற வகுப்பு இணையதளத்தில் சுட்டி அழகாக இருக்கும், அழுத்தினால் வேறொருவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று வரும். தாள் புத்தகம் என்றால் எத்தனை மணிக்குத் திரும்பும் என்றாவது கவுண்டரில் சொல்வார்கள். ஸ்கேன் செய்த அத்தியாயங்களை ஈ-ரிசர்வில், அதாவது மாணவர்கள் இணையத்தில் படிக்கும்படி, போடுவதுதான் இதைவிட நல்ல வழி. அதற்கும் பதிப்பகங்கள் சும்மா விடவில்லை. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மீது கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, சேஜ் மூன்றும் 2008இல் தொடுத்த வழக்கு 2020 வரை நடந்தது. பெரும்பாலான பகுதிகள் அனுமதி வாங்காமலே பயன்படுத்தலாம் என்கிற 'நியாயமான பயன்பாடு' (ஃபேர் யூஸ்) என்றே தீர்ந்தாலும், அந்தப் பயத்தில் நூலகங்கள் இன்றும் பக்கம் எண்ணித்தான் போடுகின்றன.

கொரோனாவின்போது தாள் ரிசர்வ் அடியோடு நின்றுபோனது. திரும்பி வரும் புத்தகத்தை நாள்கணக்கில் ஒதுக்கி வைத்தால் இரண்டு மணி நேரக் கடனுக்கு அர்த்தமே இல்லை. நூலகத்தில் தாளில் இருந்த புத்தகங்களின் ஸ்கேன் பிரதிகளை, பல நூலகங்கள் சேர்ந்து நடத்தும் மின்நூலகமான ஹாத்திட்ரஸ்ட் 2020 மார்ச் கடைசியில் திறந்துவிட்டது அப்போது பெரிய உதவி.

டி.ஏ.வாக இருந்து பார்த்ததையும் சொல்கிறேன். செமஸ்டர் தொடங்கும் முன்பே பட்டியல் கேட்டு நூலகத்திலிருந்து மின்னஞ்சல் வரும். அது பேராசிரியரின் இன்பாக்ஸில் அப்படியே கிடக்கும். மூன்றாவது வாரத்தில் கொடுத்தால், புத்தகம் அதற்குள் யாரிடமாவது போயிருக்கும், திரும்ப அழைத்து வாங்க இன்னும் நாளாகும். அதற்குள் பாதிப் பேர் கடன் அட்டையைத் தேய்த்து வாங்கிவிட்டிருப்பார்கள். அதனால் முதல் வகுப்பு முடிந்ததும் தயங்காமல் கேளுங்கள். "புத்தகத்தை ரிசர்வில் போட முடியுமா?" என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். எந்தப் பேராசிரியரும் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை, மறந்துவிட்டேன் என்று அன்றே போட்டவர்கள்தான் அதிகம். ஆன்லைன் ஹோம்வொர்க்குக்கு ஆக்சஸ் கோடு (காசு கொடுத்து வாங்கும் நுழைவு எண்) கேட்கும் பாடமாக இருந்தால் மட்டும் ரிசர்வ் உதவாது. அந்தக் கோடு ஒரே ஆளுக்குத்தான்.

பி.எச்டி.யைத் தொடர எழுதித் தேற வேண்டிய குவாலிஃபையர் தேர்வுக்கும் இது சரிப்படவில்லை. மாதக்கணக்கில் ஒரே புத்தகத்தோடு உட்கார வேண்டிய படிப்பு அது. அதற்காக ஹீட் டிரான்ஸ்ஃபரில் அமெரிக்கப் பதிப்பையே வாங்கினேன், முந்தைய எடிஷன், பழைய பிரதி. வேறு பாடப் புத்தகம் எதையும் இங்கே நான் வாங்கவில்லை.