ஆலப்புழா போட் ஹவுஸ்: படத்தைப் பார்த்து அட்வான்ஸ் கட்டாதீர்கள்

மே மாத விடுமுறைக்கு ஆலப்புழா போகலாம் என்று பேசிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு போட் ஹவுஸை முழுதாக எடுக்க நினைப்பவர்களுக்கு. போன டிசம்பரில் நாங்கள் பதினேழு பேர் போனோம். 52,000 ரூபாய் கொடுத்தோம். படத்தில் பார்த்த படகில் ஒரு நிமிடம்கூட ஏறவில்லை.

1998இல் கோவையில் ஒரே லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தவர்கள் நாங்கள், பதினான்கு பேர். இப்போது ஈரோடு, பெருந்துறை, கோபி, தாராபுரம் என்று சிதறிக் கிடக்கிறோம். எல்லோரும் சேர்ந்து ஒரு ராத்திரியாவது எங்கேயாவது தங்க வேண்டும் என்பது எங்களுக்குப் பல வருட ஆசை. மாதம் 500 ரூபாய் வீதம் பத்து மாதம் சீட்டுப் போல எடுத்து வைத்தோம். மொத்தம் 70,000 சேர்ந்தது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அந்த ஐந்நூறைக் கொடுத்தவர்களும் எங்களில் உண்டு. ஒருத்தியின் அம்மாவும், இன்னொருத்தியின் இரண்டு பிள்ளைகளும் எங்களோடு வந்தார்கள். அம்மாவுக்கு 71 வயது, மூட்டுவலி. படகு பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அக்டோபரிலேயே தேட ஆரம்பித்துவிட்டேன். நான் போன் செய்த இரண்டு இடங்களில் டிசம்பர் கடைசி வாரத்துக்கு ஐந்து பெட்ரூம் படகு 80,000க்குக் குறையாது என்றார்கள். அப்போதுதான் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஐந்து ஏசி பெட்ரூம், மேல்தளத்தில் வெள்ளை சோபா, ஓரம் முழுக்க நீலப் பூந்தொட்டிகள். பிரைவேட் பார்ட்டி போட், வேறு யாரும் ஏற மாட்டார்கள், ஸ்பீக்கர் உண்டு, 52,000 ரூபாய்தான் என்று போட்டிருந்தது. போன் எடுத்தவர் நன்றாகத் தமிழ் பேசினார். "நம்ம சொந்தப் போட்டுதான் சேச்சி, இடையில யாருமே கிடையாது" என்றார். வயதானவர் வருகிறார், படி ஏற முடியாது, கீழ்த்தளத்தில் ரூம் வேண்டும் என்று நான் கேட்டதற்கு, வாசலை ஒட்டியே இருக்கிறது என்று ஒரு படமும் அனுப்பினார். பாதிப் பணம் 26,000 ரூபாயை அன்றைக்கே யுபிஐயில் போட்டேன். பணம் போனது ஒரு தனி ஆளின் பெயரில் இருந்த கணக்குக்கு. கம்பெனிப் பெயர் இல்லையே என்று அப்போதே ஒரு உறுத்தல் இருந்தது. கேட்கவில்லை. 80,000 சொன்ன இடத்தில் 52,000க்குக் கிடைக்கிறதே என்ற எண்ணம் அந்த உறுத்தலை அமுக்கிவிட்டது.

நள்ளிரவு தாண்டி ஈரோட்டில் சென்னை - ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஏறினோம். காலையில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, சொன்னபடி பன்னிரண்டு மணிக்குப் புன்னமடை ஃபினிஷிங் பாயின்ட்டில் நின்றோம். நேரு டிராபி வள்ளம் களி போட்டி முடியும் இடம் அதுதான். வரிசையாகப் போட் ஹவுஸ்கள், பெட்டி தூக்கியபடி நூற்றுக்கணக்கான ஆட்கள், தலைக்கு மேல் வெயில். எங்கள் ஆளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. 12.40க்கு டூ வீலரில் வேறு ஒருவர் வந்தார். நீங்கள் புக் செய்த போட்டில் பைப் உடைந்துவிட்டது, அதே கம்பெனியின் வேறு போட் தருகிறோம், அதே வசதிதான் என்றார். மீதி 26,000 ரூபாயைக் கொடுத்தால்தான் ஏற்றுவோம் என்றும் சொன்னார்.

முதலில் படகைக் காட்டுங்கள் என்றேன். தூரத்தில் நின்ற ஒன்றைக் கைகாட்டினார். அந்த அம்மா நிற்க முடியாமல் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்குப் பசி. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவிட்டேன். இந்த மொத்த விஷயத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான் என்று இப்போது தெரிகிறது. படகுக்குள் போய் ரூம்களைப் பார்க்கும் முன் மீதிப் பணத்தைக் கொடுத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில், அந்தக் கூட்டத்தில், வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு யாரும் திரும்பிப் போக மாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஏறிப் பார்த்தால் மூன்றே பெட்ரூம். ஹாலில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு மெத்தைகள். பதினேழு பேருக்கு மூன்று டாய்லெட், அதில் ஒன்று அடைத்துக் கிடந்தது. ஏசியைப் போடச் சொன்னால், ராத்திரி ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரைதான் என்றார்கள். விலை குறைந்த படகுகளில் அதுதான் வழக்கமாம், பகல் முழுக்க ஏசி ஓடும் படகுக்கு விலையே வேறாம். நான் பேசியது பகலும் ஏசி உள்ள படகு.

கிளம்பும்போது மணி இரண்டு. அரை மணி நேரம் ஓடியதும் சாப்பாட்டுக்கு ஒரு கரையில் கட்டினார்கள். பிறகு வேம்பநாட்டுக் காயலில் ஒரு சுற்று. ஐந்து மணிக்கெல்லாம் ஒரு வயல் ஓரமாகக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். கைனகரி போய், புனிதர் சாவறாவின் பூர்வீக வீடான சாவறா பவன் பார்க்கலாம், பாதிராமணல் தீவு பார்க்கலாம் என்று போனில் சொன்ன எதுவும் நடக்கவில்லை. இதில் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். மாலை ஐந்தரைக்கு மேல் அங்கே எந்தப் போட் ஹவுஸும் ஓடக் கூடாது. இரவில் மீனவர்கள் காயலில் வலை போடுகிறார்கள், படகு ஓடினால் வலை அறுந்துவிடும். நல்ல விதி அது. ராத்திரி முழுக்கப் படகில் மிதந்துகொண்டே போகலாம் என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் நிறைய. கரையில் கட்டிய படகில் தூங்கிவிட்டு, காலை எட்டு மணிக்கு ஒரு சின்னச் சுற்றுப் போய், ஒன்பதுக்கு இறங்குவதுதான் அங்கே ஒரு நாள் பேக்கேஜ். அதனால் பேசும்போதே, எத்தனை மணிக்குக் கிளம்பும், நிஜமாக எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது மொத்தமே இரண்டரை மணி நேர ஓட்டம்.

சாப்பாட்டில்தான் உண்மை வெளியே வந்தது. ஆளுக்கு ஒரு முழுக் கரிமீன் என்று சொல்லியிருந்தார்கள். தட்டில் வந்தது பாதிப் பாதியாக வெட்டிய துண்டுகள். சோறும் பத்தவில்லை. சமையல்காரர் தலை குனிந்தபடி பரிமாறினார். நான் பின்பக்கம் போய், படகு ஓட்டும் ஸ்ராங்கிடம் கோபப்படாமல் கேட்டேன். அவருக்கு அறுபது வயது இருக்கும். பத்துப் பேர் வருவதாகத்தான் தங்களுக்குச் சொன்னார்கள், பத்துப் பேருக்குத்தான் சாமான் வாங்கினோம் என்றார். படகின் சொந்தக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது 24,000 ரூபாய்தானாம். இன்ஸ்டாகிராம் ஆளை அவர் பார்த்ததே இல்லை. அந்த ஆள் படகுத்துறையில் இருக்கும் ஒரு புரோக்கரிடம் எங்களைக் கைமாற்றிவிட்டிருக்கிறார், அந்தப் புரோக்கர் அன்றைக்குக் காலையில் சும்மா நின்ற இந்தப் படகைப் பிடித்திருக்கிறார். எங்கள் பணத்தில் 28,000 ரூபாய் இரண்டு போன்களுக்கு நடுவிலேயே காணாமல் போய்விட்டது. தனக்கென்று ஒரு படகு இல்லாமலேயே ஒருவர் படகை விற்றிருக்கிறார்.

அந்தப் படகில் வேலை செய்த மூன்று பேர் மீது எனக்குத் துளியும் கோபம் இல்லை. இருந்த அரிசியில் சமையல்காரர் மறுபடி உலை வைத்தார். ராத்திரிக்கு ஸ்ராங்க் கரையில் யார் வீட்டிலேயோ சொல்லி மரவள்ளிக்கிழங்கு வாங்கிவந்தார்.

உயிர்காக்கும் ஜாக்கெட் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறியதும் நான் கேட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டார்கள். ஒன்பது இருந்தன, இரண்டில் பக்கிள் உடைந்திருந்தது. பிள்ளைகள் அளவில் ஒன்றுகூட இல்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். 2023 மே 7 அன்று தானூரில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதில் சின்னப் பிள்ளைகள் எத்தனை பேர். எங்கள் கூட்டம் பாட்டுப் போட்டு மேல்தளத்தில் ஆடப் போனபோது, எட்டுப் பேருக்கு மேல் ஏற விடமாட்டேன் என்று ஸ்ராங்க் குறுக்கே நின்றார். அந்த நேரத்தில் சிலருக்கு முகம் சுருங்கியது. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பத்துப் பேர் என்று சொல்லிப் பேசிய படகில் பதினேழு பேரை ஏற்றிவிட்டவர்களுக்கு இல்லாத அக்கறை அவருக்கு இருந்தது.

ராத்திரி ஹாலில் கொசு, ஒரு ரூமில் ஏசி வெறும் காற்றுதான் விட்டது. அதையெல்லாம் மறந்துவிடலாம். அந்த அம்மா சாயங்காலத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பது காலையில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் ரூமை ஒட்டிய டாய்லெட்தான் அடைத்திருந்தது. இருட்டில் எங்களைத் தாண்டி அடுத்த ரூமுக்குப் போக வேண்டுமே என்று வாயைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். "உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் சொல்லல கண்ணு" என்றார். ஊர் வந்து சேரும் வரை என்னால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

இறங்கிய பிறகு இன்ஸ்டாகிராம் ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் சொன்னேன். சேவை கொஞ்சமாவது கிடைத்திருப்பதால் இது நுகர்வோர் தகராறு என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். அங்கே கேட்ட முதல் கேள்வியே நிறுவனத்தின் பெயரும் பில்லும்தான். என்னிடம் இரண்டும் இல்லை, ஒரு யுபிஐ பெயரும் சில வாட்ஸ்அப் மெசேஜ்களும்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஆலப்புழாவுக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பின் விலாசம் வேண்டுமே. நல்லவேளையாகத் தாராபுரத்தில் டீச்சராக இருப்பவள் படகின் பதிவு எண்ணை போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அதை வைத்துச் சொந்தக்காரரைப் பிடித்து, அவர் மூலம் படகுத்துறை புரோக்கரைப் பிடித்து, 8,000 ரூபாய் திரும்ப வாங்கினோம். மீதிக்கு ஈரோட்டில் மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

அந்தப் பதிவு எண்தான் எல்லாவற்றிலும் முக்கியம். கேரளாவில் பதிவான உள்நாட்டுப் படகுகளின் எண் கே.ஐ.வி. என்று தொடங்கும், படகிலேயே எழுதியிருக்கும். பணம் போடும் முன் அந்த எண்ணைக் கேளுங்கள். படகில் நின்றபடி வீடியோ காலில் அந்த எண்ணையும் ரூம்களையும் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர் ஏற அனுமதி என்பது படகின் சான்றிதழில் இருக்கும், அதன் படத்தையும் வாங்குங்கள். சொந்தப் படகு வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. எங்கள் ஆளிடம் நான் எண் கேட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பார். அட்வான்ஸ் அதிகமாகக் கேட்டால் விட்டுவிடுங்கள். ரசீதில் படகின் பெயர், எண், பெட்ரூம் எண்ணிக்கை, ஏசி நேரம் எல்லாம் இருக்கட்டும்.

கூட்டம் இல்லாத நாட்களில் போகிறவர்கள் முன்கூட்டியே எதுவும் கட்டாமல் நேரே படகுத்துறைக்குப் போய்ப் படகில் ஏறிப் பார்த்துப் பேசலாம். படகுத்துறை அருகில் மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ப்ரீபெய்டு கவுன்ட்டர் இருக்கிறது, அங்கே விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். ராத்திரி தங்கியே ஆக வேண்டும் என்று இல்லையென்றால் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகில் ஏறிவிடுங்கள். ஊர்க்காரர்கள் தினமும் போய்வரும் படகு அது, பஸ் டிக்கெட் மாதிரிதான் காசு. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் குட்டநாட்டு வயல்களை அதிலிருந்தே பார்க்கலாம். அடுத்த முறை அந்த அம்மாவை அதில்தான் கூட்டிப்போவேன்.

நேற்று அந்த விளம்பரம் மறுபடி வந்தது. வேறு பெயர், வேறு நம்பர், மே மாத ஸ்பெஷல் 45,000 என்று. கூகுள் லென்ஸில் தேடினால் அதே படத்தை இன்னும் மூன்று பெயர்களில் போட்டு வைத்திருக்கிறார்கள். மேல்தளத்தில் வெள்ளை சோபா, ஓரம் முழுக்க நீலப் பூந்தொட்டிகள். அந்தப் படம் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பணம் போடாதீர்கள்.