இலியாஸ் லலவுனிஸின் ஆட்டுக்கடாத் தலைக் காப்பு

பண்டைய கிரேக்க நகைகளைத் தழுவி, ஏதென்ஸ் பொற்கொல்லர் இலியாஸ் லலவுனிஸ் (1920–2013) வடிவமைத்தவற்றில், இரு முனைகளிலும் ஆட்டுக்கடாத் தலைகள் எதிரெதிரே நோக்கும் திறந்த காப்பையே நான் முதலில் பரிந்துரைப்பேன். சுருண்ட கொம்பின் வரிகள் தனித்தனியே தெரியும்படி செதுக்கப்பட்டிருக்கின்றன. கழுத்தைச் சுற்றி முறுக்குக் கம்பி நெருக்கமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கண்களில் சிறு மாணிக்கம் பதித்த காப்புகளும் உண்டு. அவை இன்னும் அழகு. அதிக மெருகு ஏற்றாமல், சுத்தியல் தடம் தெரிய விடப்பட்ட அந்த அடர்ந்த மஞ்சள் நிறம், இன்றைய கடைகளின் பளபளப்பைவிட எனக்கு மிகவும் பிடித்தது.

அவருடைய நகைகள் 22 காரட்டிலும் 18 காரட்டிலும் செய்யப்பட்டவை. நிறத்துக்கு 22 காரட்டே மேல் என்றாலும், அது மென்மையானது என்பதால், திறந்த காப்பை அடிக்கடி விரித்து மாட்டினால் வளைவு தளர்ந்துவிடும். ஆகவே நாள்தோறும் அணிய விரும்புவோர் 18 காரட்டையே வாங்கலாம். விலை தங்கத்தின் எடை மதிப்பைவிட நன்றாகவே கூடுதல். இந்த வேலைப்பாட்டுக்கு அது தகும். செய்தவர் பெயரையும் தங்கத்தின் தரத்தையும் காட்டும் உட்புற முத்திரையை உருப்பெருக்கியில் பார்க்காமல் மட்டும் பணம் கொடுக்காதீர்கள். ஏதென்ஸ் செல்ல வாய்த்தால், பண்டைய கோட்டைக் குன்றான அக்ரோபொலிஸ் அருகே 1994இல் திறக்கப்பட்ட அவருடைய நகை அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.