பனையூரில் குடும்பத்தோடு: கடலோரக் குடியிருப்பில் சில ஆண்டுகளின் அனுபவம்

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்), அக்கரைக்கும் உத்தண்டிக்கும் நடுவே பனையூரில் எங்கள் வீடு. கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார், நான். 2017-இல் குடிவந்தோம். "ஈசிஆர் பக்கம் ஃபிளாட் பார்க்கிறோம், எப்படி இருக்கு?" என்று சொந்தக்காரர்களும் அலுவலகத்து நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

விற்பவர்கள் காட்டும் வசதிப் பட்டியலில் நீச்சல்குளம், ஜிம், கிளப் ஹவுஸ், சிறுவர் விளையாடும் இடம் எல்லாம் இருக்கும். எங்கள் குடியிருப்பிலும் இருக்கின்றன, நன்றாகவே பராமரிக்கிறோம். ஆனால் எங்கள் அன்றாடத்தைத் தீர்மானிப்பவை அந்தப் பட்டியலிலேயே இல்லாதவை. தண்ணீர், உப்புக்காற்று, வாசலில் ஓடும் பெரிய சாலை, பக்கத்து மீனவர் குப்பம். இந்த நான்கும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். திருவான்மியூர் முதல் கோவளம் வரை, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட நிலம் முழுக்க மணல். பெய்யும் மழை மணலில் இறங்கி, கடல்நீரைவிட லேசானது என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கும். ஒரு காலத்தில் சென்னை நகரத்துக்கே இங்கிருந்து கிணற்று நீர் போயிருக்கிறது. இந்த நன்னீருக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும். மேலே அந்த 1 அடியை உறிஞ்சிவிட்டால் கீழிருந்து உப்புநீர் அத்தனை தூரம் ஏறி வரும். ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று வேறு ஊர்களில் சொல்வது இங்கே செல்லாது. ஆழம் போகப் போக உப்புதான்.

நாங்கள் வந்த புதிதில் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைத்தது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு நகரமே லாரிக்குக் காத்திருந்ததே, அந்த ஆண்டுதான் எங்கள் தண்ணீரிலும் உப்பு ஏறியது. குழாய் முனையெல்லாம் வெள்ளைப் படிவம், ஹீட்டர் காயில் போச்சு, மாமியாரின் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் லிட்டருக்கு 1,600 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரப்படி 500 வரை இருப்பதுதான் நல்லது, வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம். அந்தக் கோடை முழுக்க 12,000 லிட்டர் லாரிகளை நம்பித்தான் இருந்தோம். ஒவ்வொரு வீட்டின் மாதப் பராமரிப்புத் தொகையும் எகிறியது. லாரி வரும் நேரத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டையைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் செய்த ஒரு உருப்படியான காரியத்தை எல்லாரிடமும் சொல்வேன். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். எங்கள் கட்டடத்திலும் பெயருக்கு ஒரு குழி இருந்தது, தூர்ந்து போய். அதைத் தூர் வாரி, மொட்டைமாடிக் குழாய்கள் எல்லாவற்றையும் வடிகட்டி வழியாகப் புதிய உறைக்கிணறுகளுக்குத் திருப்பினோம். உறைகளை இறக்கிய மேஸ்திரி, "இந்த மணலுக்கு எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சிடும் சார்" என்றார். அப்படியேதான் ஆனது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. 10,000 சதுர அடி மொட்டைமாடியில் அது ஏறக்குறைய 13 லட்சம் லிட்டர். சேதாரம் போகக் கணக்கிட்டாலும் எண்பதுக்கும் மேற்பட்ட லாரி. இப்போது மழைக்காலம் முடிந்ததும் டிடிஎஸ் 900-க்குக் கீழே இறங்குகிறது. கோடையில் லாரி வருவது நிற்கவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்திருக்கிறது. தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் நிலையம் 2013-இலும், நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது நிலையம் 2024-இலும் வந்துவிட்டன. குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வரும் தெருவா என்பதைத் தெரு தெருவாகத்தான் விசாரிக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வந்து சேரவில்லை. கழிவுநீரைக் கட்டடத்துக்குள்ளேயே சுத்திகரித்து, செடிகளுக்கும் கழிவறைத் தொட்டிக்கும் விடுகிறோம். அந்த மோட்டார் ஒரு நாள் நின்றால் கட்டடம் முழுக்க வாடை.

அடுத்து உப்புக்காற்று. கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு என்றால் இரும்பு எதுவும் நிலைக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் ஏசியின் அவுட்டோர் யூனிட்டை மூன்றாம் வருடம் கழற்றியபோது பின்பக்கத் தகடு கையோடு உதிர்ந்தது. காயிலின் மெல்லிய இதழ்கள் வெள்ளைப் பொடியாக நின்றன. விரலால் தொட்டதும் கொட்டிவிட்டது. ஸ்க்ரூ எதுவும் திருகவில்லை, அறுத்துத்தான் எடுத்தார் மெக்கானிக். கேஸ் ஏன் அடிக்கடி இறங்கியது என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது செப்புக் காயிலும் அதன் மேல் உப்பைத் தாங்கும் பூச்சும் உள்ள யூனிட் வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் கழுவி விடுவேன். அந்தக் கழுவல் ஒன்றே ஆயுளை நீட்டுகிறது. ஜன்னலுக்கு யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக், பால்கனிக் கைப்பிடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 கிரேடு. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி மலிவான கிரேடைப் போட்டுவிட்டுப் போனால் ஒரே வருடத்தில் பழுப்புப் புள்ளி வந்துவிடும்.

வீட்டுக்குள்ளே வேறு தொல்லைகள். அப்பளமும் முறுக்கும் டப்பாவைத் திறந்த மறுநாளே நமுத்துப்போகும். கார்த்திகை, மார்கழியில் பட்டுப்புடவைகளை வெளியே எடுத்து ஆற விடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கிழக்குச் சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் பொரிந்து நிற்கும்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்வது அந்தக் காற்றுக்காகத்தான். சித்திரை வெயிலில் நகரம் வெந்துகொண்டிருக்கும்போது இங்கே பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் கடல்காற்று எழும்பிவிடும். மேற்குக் காற்று வலுத்து அது தாமதமாகிற நாட்களும் மே, ஜூனில் உண்டு, அன்று புழுக்கம் தாங்காது. மற்ற நாட்களில் நான்கு மணிக்கு மேல் மொட்டைமாடியில் மாமியார் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார். மயிலாப்பூரில் இருந்தவரை மருந்து வாங்கவும் கோயிலுக்கும் மட்டும் வெளியே போனவர், இங்கே வந்த பிறகு வடகம் பிழிவதும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசுவதுமாக மாறிவிட்டார். அவருக்கு இந்த இடம் பிடித்துப்போனது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

சாலையைப் பற்றி எனக்குக் கவலை குறையவே இல்லை. பிள்ளைகளின் பள்ளி வேன் மேற்குப் பக்கம் நிற்கும், நாங்கள் கிழக்குப் பக்கம். காலை ஏழரைக்கு இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடப்பதுதான் என் நாளின் கடினமான வேலையாகப் பல வருடம் இருந்தது. சனி, ஞாயிறு என்றால் மாமல்லபுரம் போகும் கார்களும் பைக்குகளும் வேறு. மனு மேல் மனு கொடுத்து, இப்போது பள்ளி நேரத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் நிற்கிறார். திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை ஆறுவழியாக அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. அகலம் கூடினால் கடக்கும் தூரமும் கூடும், நடந்து போகிறவர்களை யார் நினைக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. மெட்ரோ ரயிலின் மாதவரம்–சிப்காட் வழித்தடம் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓஎம்ஆர்) வருகிறது, ஈசிஆரில் இல்லை. சோழிங்கநல்லூர் போய்த்தான் ஏற வேண்டும். ஐ.டி. வேலை என்றால் அக்கரை இணைப்புச் சாலை வழியாகச் சுலபம். அண்ணா சாலைப் பக்கம் வேலை என்றால் நன்றாக யோசியுங்கள்.

மருத்துவமனைகள் முன்பைவிடப் பரவாயில்லை. ஆனாலும் இதயம், பக்கவாதம் என்றால் ஓஎம்ஆர் அல்லது அடையாறு பக்கம்தான். ஞாயிறு மாலை நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருமுறை காரில் போய்ப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

பிள்ளைகளுக்குக் கிடைத்ததைச் சொல்ல வேண்டும். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம், முட்டுக்காட்டில் தென்னிந்தியப் பழைய வீடுகளும் கைவினைகளும் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகம், வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, எல்லாம் அரைமணி நேரத்துக்குள். தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மகள் படம் வரைவாள், மகன் குயவரின் சக்கரத்தை விட்டு நகர மாட்டான். கோவளத்தில் மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் தொடங்கிய அலைச்சறுக்குப் பயிற்சியால் குப்பத்துப் பிள்ளைகள் போட்டிகளுக்குப் போகிறார்கள். என் மகனும் இப்போது அங்கே கற்றுக்கொள்கிறான். பயிற்சியாளர் இல்லாமல் மட்டும் தண்ணீரில் இறங்க விடமாட்டேன். இந்தக் கரையில் அலை திரும்பும்போது இழுக்கும் இழுப்பு பயங்கரமானது. வெளியூரிலிருந்து வந்து குளிக்க இறங்கி உயிரை விடுகிறவர்கள் செய்தி வராத கோடை கிடையாது. முழங்காலுக்கு மேல் போகாதே என்று நாங்கள் சொன்னதைவிட, குப்பத்து அண்ணன்கள் ஒருமுறை அதட்டிச் சொன்னதைத்தான் பிள்ளைகள் கேட்டார்கள்.

அந்தக் குப்பம் இல்லாமல் இங்கே எங்கள் வாழ்க்கை இல்லை. காலையில் ஃபைபர் போட்டுகள் கரையேறும் நேரத்துக்குப் போனால் சங்கரா, காரப்பொடி, நெத்திலி துள்ளத் துள்ளக் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. சிறு படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் அந்த நாட்களிலும் கரையில் கொஞ்சம் மீன் இருக்கும், விலைதான் ஏறும். நான் வாடிக்கையாக வாங்கும் அக்கா, மீன் சரியில்லை என்றால் "இன்னிக்கு வேணாம்மா, ஐஸ் மீனு, நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வருடக்கணக்காக ஒரே இடத்தில் வாங்குவதில் கிடைக்கிற நம்பிக்கை அது.

இவர்களுக்கும் புதிதாக வரும் எங்களுக்கும் உரசலும் உண்டு. கடலுக்குப் போகும் ஒரு சந்தில் புதுவீட்டுக்காரர் ஒருவர் கேட் போட்டுப் பூட்டினார். வலையும் இன்ஜினும் தூக்கிக்கொண்டு அவர்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. எங்கள் நலச்சங்கமும் குப்பத்துப் பெரியவர்களும் சேர்ந்து போய்ப் பேசித்தான் திறக்க வைத்தோம். கரை எல்லாருக்கும் பொது. காசு கொடுத்து வீடு வாங்கியதால் கடல் நம்முடையது ஆகிவிடாது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். மாணவர்கள் 1988-இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கரையோரமாக நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறது. அவர்களோடு பிள்ளைகளை அழைத்துப் போனோம். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகரும் என்பதை அங்கே கண்ணால் பார்த்துவிட்டு வந்து, எங்கள் கடற்பக்க விளக்குகளை அந்த மாதங்களில் அணைக்கச் சொல்லிக் கூட்டத்தில் எழுந்து பேசியது என் மகள். முதலில் பாதுகாப்பு என்று சிலர் மறுத்தார்கள். அப்புறம் தரையை மட்டும் நோக்கும் மங்கலான விளக்குகள் என்று முடிவானது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மழை, புயல் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. எங்கள் தெருவில் மழை விட்டதும் தண்ணீர் மணலில் இறங்கிவிட்டது. முற்றத்தையெல்லாம் சிமென்ட் போட்டு மூடிய தெருக்களில் அப்படி இறங்கவில்லை. எங்களுக்கு மின்சாரம்தான் பிரச்சினை, இரண்டு நாளுக்கு மேல் கரன்ட் வரவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் முன்கூட்டியே வாங்கி வைப்பது இப்போது ஐப்பசி வேலைகளில் ஒன்று.

வீடு பார்க்க வருகிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்றோடு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் அந்த மனை எங்கே விழுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள சாலை அல்லது அனுமதி பெற்ற கட்டடத்துக்குக் கடல் பக்கமாகப் புதிய கட்டடம் என்றால் வாங்குவதற்கு முன் நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். பிறகு நலச்சங்கச் செயலாளரிடம் போன மே மாத லாரி பில்களைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். மொட்டைமாடிக்கு ஏறி, மூன்று வருடம் பழகிய ஏதாவது ஒரு அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பள்ளி திறந்திருக்கும் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து பாருங்கள். அட்வான்ஸ் தொகையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.