ஒளிரும் கார்பனும் ஒளியணைக்கும் கார்பனும்: உயிர்மூலக்கூறு உணரிக்கு எதைத் தேர்வது?

ரத்தத்திலோ உயிரணுவிலோ உள்ள ஒரு மூலக்கூறை ஒளிர்வின் வழியாகக் கண்டறிய விரும்பும் ஆய்வகத்துக்கு, கார்பன் நானோபொருள்களில் இன்று மூன்று முதன்மையான தெரிவுகள் உள்ளன: கிராஃபீன் ஆக்சைடு (ஓரணு அளவு மெல்லிய கார்பன் தகடு), கார்பன் புள்ளிகள் (ஒளிரும் மிகச்சிறு கார்பன் துகள்கள்), ஒற்றைச்சுவர் நானோகுழாய்கள் (குழாயாகச் சுருண்ட கார்பன் தகடு). எது மிகக் குறைந்த செறிவையும் காட்டுகிறது என்று பார்த்துத் தேர்வதே பெருவழக்கு. ஆனால் அந்த எண்களில் பல தூய தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் வைத்த உப்புநீரில்) அளந்தவை. நோயாளியின் குருதிநீரோ புரதங்களும் நிறமிகளும் நிறைந்தது. ஆகவே எந்தத் திரவத்தில் தேடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்த பிறகே பொருளைத் தேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிராஃபீன் ஆக்சைடு இங்கே ஒளியை அணைக்கவே பயன்படுகிறது. சாயம் இணைத்த ஓரிழை டி.என்.ஏ. அதன் தகட்டில் ஒட்டிக்கொள்ளும்போது சாயத்தின் ஆற்றல் தகட்டுக்குப் போய்விடுவதால் ஒளிர்வு அடங்குகிறது. பொருந்தும் இலக்கு இழை வந்து ஈரிழையாகப் பிணைந்ததும் அது தகட்டை விட்டு விலக, ஒளிர்வு திரும்புகிறது. 2009இல் சீனாவின் ஃபூசோ பல்கலைக்கழகக் குழுவினர் இதை டி.என்.ஏ.வுக்கும், அப்டாமர் (குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் டி.என்.ஏ. இழை) வழியாக, ரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் புரதத்துக்கும் செய்துகாட்டினார்கள். ஒளிர்வு இவ்வளவு முழுமையாக அணைவதற்கான அடிப்படையை ஏறத்தாழ அதே காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்வாதியும் செபாஸ்டியனும் கணித்திருந்தார்கள்: இரு சாயங்களுக்கிடையே ஆற்றல் கடத்தல் தொலைவின் ஆறாம் படியில் குறைய, கிராஃபீன் தகட்டை நோக்கி அது நான்காம் படியில்தான் குறைகிறது, ஆகவே வழக்கமான 10 நானோமீட்டர் எல்லையைத் தாண்டி 30 நானோமீட்டர் வரையிலும் தணிப்பு நிகழ முடியும். குறை எங்கே என்றால், குருதிநீரிலுள்ள ஆல்புமின் போன்ற புரதங்கள் தகட்டில் இடம்பிடித்து, இலக்கு இல்லாதபோதும் டி.என்.ஏ.வை வெளியேற்றிவிடும். ஒளிர்வு கூடுவதே ‘உண்டு’ என்பதற்கான அடையாளம் என்பதால், இது பொய்யான நேர்மறை முடிவில் போய் நிற்கிறது. பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய மரபுப் பொருளுக்கு இது எளிமையான நல்ல வழி. நேரடி ரத்த மாதிரிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கார்பன் புள்ளிகளைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மிக எளிதாகக் கிடைப்பவையும் மிக எளிதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவையும் அவையே. 2004இல் தென் கரோலினாவில் நானோகுழாய்க் கரியைச் சுத்திகரித்தபோது தற்செயலாகத் தென்பட்ட இவற்றை, சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டையமினையும் நீரில் கரைத்து, மூடிய எஃகுக் கலனில் சில மணி நேரம் சூடாக்கியே இன்று தயாரித்துவிடலாம். கலனிலிருந்து எடுத்த பழுப்புக் கரைசலை சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் கட்டி நீரில் மிதக்கவிட்டு, சற்று நேரம் கழித்து 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் காட்டினால், பைக்கு வெளியே இருக்கும் நீர் பளிச்சென்று நீலமாக ஒளிரும். அங்கே கசிந்திருப்பவை பெரும்பாலும் துகள்கள் அல்ல, அதே வினையில் உண்டான சிறு சாய மூலக்கூறுகள். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுச் சொல்லப்படும் உயர்ந்த ஒளிர்வுத்திறன் (உறிஞ்சிய ஒளியில் ஒளிர்வாகத் திரும்பும் பங்கு) எதனுடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியைக் கண்டறியும் சோதனையில் அந்த நொதி உண்டாக்கும் பாரா-நைட்ரோஃபீனால், கார ஊடகத்தில் 400 நானோமீட்டர் அருகே ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது. புள்ளியைத் தூண்ட வரும் ஒளியை அது இடைமறிப்பதாலேயே ஒளிர்வு குறைகிறது, புள்ளியோடு அது பிணைய வேண்டிய தேவையே இல்லை. இதைத் தெரிந்து பயன்படுத்துவது நேர்மையான உத்திதான். ஆனால் இதைப் பிணைப்பு என்று எண்ணிவிட்டால், அதே பகுதியில் உறிஞ்சும் ஹீமோகுளோபினும் அதே விடையைத் தரும்போது ஆய்வாளர் ஏமாந்துபோவார். உறிஞ்சல் நிறமாலையையும் ஒளிர்வு ஆயுட்காலத்தையும் (தூண்டிய பின் ஒளிர்வு நீடிக்கும் நேரம்) சேர்த்து அளக்காத கார்பன் புள்ளி உணரியை நான் நம்புவதில்லை.

நானோகுழாய்களின் ஒளிர்வு 2002இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. அவற்றின் ஒளிர்வுத்திறன் பொதுவாக 1 விழுக்காட்டு அளவில்தான் இருக்கும். கார்பன் புள்ளிகளோடு ஒப்பிட்டால் மிக மங்கலானவை. ஆயினும் அவை ஒளிர்வது 900 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பில். அங்கே திசுவின் சொந்த ஒளிர்வும் ரத்தத்தின் உறிஞ்சலும் மிகக் குறைவு. நெடுநேரம் ஒளியூட்டினாலும் இவை சாயங்களைப் போல வெளிறுவதில்லை. குவானைன்-தைமின் தொடர் கொண்ட டி.என்.ஏ. மேலே சுற்றியிருக்கும் குழாய்கள், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோப்பமைன் வந்ததும் கூடுதலாக ஒளிர்கின்றன. 2019இல் பெர்க்லி குழு எலியின் மூளைச் சீவல்களில் டோப்பமைன் வெளியாவதை இவ்வாறு படம்பிடித்தது. அதைப் போன்ற இன்னொரு நரம்புக் கடத்தியான நார்அட்ரினலினுக்கும் இந்த உணரி விடையளிப்பதால், டோப்பமைனே மிகுந்துள்ள மூளைப்பகுதியைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சாதாரண சிலிக்கான் கேமரா இந்த அலைநீளங்களை ஏறக்குறைய காண்பதில்லை. விலை கூடிய இண்டியம் காலியம் ஆர்சனைடு கேமரா வேண்டும். உயிருள்ள திசுவில்தான் வேலை என்றால் அந்தச் செலவைத் தவிர்க்கப் பார்ப்பது வீண்.

இந்த மூன்றுக்கும் அப்பால், மிகச்சிறு வைரத் துகளான நானோவைரம் பின்னணி ஒளியை இன்னொரு வழியில் கையாள்கிறது. அதிலுள்ள நைட்ரஜன்-வெற்றிடக் குறைபாட்டின் (ஒரு நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்தில் காலியான அணு இடமும்) சிவப்பு ஒளிர்வை மைக்ரோவேவ் புலத்தால் குறித்த தாளத்தில் ஏற்றி இறக்கலாம். அந்தத் தாளத்தில் வரும் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டால் பரிசோதனைப் பட்டையின் சொந்த ஒளிர்வு கழிந்துவிடுகிறது. 2020இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக் குழு இம்முறையில் வழக்கமான தங்கத் துகள் பரிசோதனைப் பட்டையைவிட 1,00,000 மடங்கு உணர்திறனை எட்டி, எச்.ஐ.வி.யின் ஆர்.என்.ஏ.வையும் கண்டறிந்தது. வாசிக்கும் கருவிக்குள் தூண்டும் ஒளி மூலத்தோடு மைக்ரோவேவ் மூலமும் இருந்தாக வேண்டும் என்பதால், வீட்டில் வெறுங்கண்ணால் பார்க்கும் பட்டைகளுக்கு இது மாற்றாகாது. மருத்துவமனை ஆய்வகத்துக்கோ பொருத்தமானது.