லிங்க் ரிசீவர்: ஒலியை எங்கே எடுப்பது, டிரான்ஸ்மிட்டரை எதை வைத்து இயக்குவது?

இரண்டு எஃப்எம் ரிப்பீட்டர்களை (வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்களை) இணைக்கும்போது நடுவில் நிற்கும் லிங்க் ரிசீவருக்கு வேலை இரண்டுதான். வந்த பேச்சை டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுக்க வேண்டும், அதை எப்போது ஆன் செய்வது, எப்போது விடுவது என்றும் சொல்ல வேண்டும். பலரும் இரண்டாவதில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். லிங்க் கெட்டுப்போவது பெரும்பாலும் முதலாவதில்.

ஒலியை ஸ்பீக்கர் சாக்கெட்டில் எடுக்கலாம், டிஸ்க்ரிமினேட்டரிலும், அதாவது ரிசீவருக்குள் எஃப்எம் சிக்னல் முதலில் ஒலியாக மாறும் இடத்திலும் எடுக்கலாம். ஸ்பீக்கர் வழி சுலபம்: ஒயரைச் செருகினால் பேச்சு வந்துவிடும், சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச்சும் சேர்ந்தே வேலை செய்யும். ஆனால் யாராவது வால்யூமைத் தொட்டுவிட்டால் மொத்த லிங்கின் அளவும் மாறிவிடும். டிஸ்க்ரிமினேட்டரில் அந்தத் தொல்லை இல்லை, ஒலியும் எந்த ஃபில்டரிலும் அடிபடாமல் சுத்தமாக வரும். ஒன்றே ஒன்று, அங்கே ஸ்குவெல்ச் கிடையாது. சிக்னல் இல்லாத நேரத்தில் முழு இரைச்சலும் கொட்டும், அதனால் ரிசீவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலரே கதவை மூடித் திறக்க வேண்டும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ப்ரீ-எம்ஃபசிஸ். இந்த வகை ரேடியோக்களில் டிரான்ஸ்மிட்டர் மேல் அதிர்வெண்களை ஆக்டேவுக்கு 6 டெசிபல் தூக்கி அனுப்பும், ரிசீவர் அதே அளவு இறக்கும். 300 ஹெர்ட்ஸிலிருந்து 3000 வரை பார்த்தால் இது 20 டெசிபல் வித்தியாசம். ஸ்பீக்கர் ஒலி இறக்கப்பட்டது, அதனால் அது மைக் உள்ளீட்டுக்குத்தான் போக வேண்டும், அங்கே மறுபடி தூக்கப்படும். டிஸ்க்ரிமினேட்டர் ஒலி இறக்கப்படாதது, அது டிரான்ஸ்மிட்டரில் தூக்கும் இடத்தைத் தாண்டி நேராக மாடுலேட்டருக்குப் போக வேண்டும். மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? டிஸ்க்ரிமினேட்டரை மைக்கில் கொடுத்தால் பேச்சு தகரத்தில் கீறியதுபோல் கூர்மையாகும், ஸ்பீக்கரை மாடுலேட்டரில் கொடுத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் அமுங்கும். இரண்டு லிங்க்கிலும் ஒரே தப்பு நடந்தால் 40 டெசிபல், பேசுவது யார் என்றே தெரியாது. நிலையாக ஓடப்போகும் லிங்க் என்றால் நான் டிஸ்க்ரிமினேட்டர் பக்கம்தான்.

சரி, இனி டிரான்ஸ்மிட்டரை இயக்குவது. வாக்ஸ், அதாவது குரல் கேட்டதும் தானாக ஆன் ஆகும் முறை, வேண்டவே வேண்டாம். பேச்சின் முதல் அசையைத் தின்னும், ஒருவர் மூச்சு வாங்கினால் லிங்க் விழும்.

கேரியர் ஸ்குவெல்ச், அதாவது பேச்சைச் சுமந்து வரும் ரேடியோ அலை (கேரியர்) வந்தாலே திறக்கும் முறை, ரொம்ப வேகமானது, மில்லிசெகண்டுகளில் திறக்கும். ஆனால் யாருடைய கேரியர் என்று அதற்குத் தெரியாது. அதே அலைவரிசையில் எங்கோ ஒரு குறுக்கீடு வந்தாலும் டிரான்ஸ்மிட்டர் ஓடும். பேச்சு முடிந்து கேரியர் விழும்போது வரும் அந்த ‘க்ஷ்ஷ்’ ஒவ்வொரு லிங்க்கிலும் ஒன்று சேரும். மூன்று லிங்க் என்றால் மூன்று.

சிடிசிஎஸ்எஸ் டோன், அதாவது 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை பேச்சுக்கு அடியில் ஓடும் மெல்லிய தொனி, இதைத் தீர்க்கிறது. ஆனால் டோனை அடையாளம் காண 200 மில்லிசெகண்ட் வரை ஆகும், டோனின் அதிர்வெண் குறையக் குறைய இன்னும் தாமதம். பட்டனை அழுத்தியவுடன் ‘வணக்கம்’ என்றால் மூன்றாவது லிங்க்கில் ‘கம்’ மட்டும் கேட்கும். அப்புறம், உள்ளே வரும் டோனை ஃபில்டர் செய்து நீக்கிவிட்டு வெளியே போவதற்குப் புதிதாகப் போட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் குழம்பும்.

நான் சொல்வது இரண்டும் சேர்ந்த வழி: கேரியரும் இருக்க வேண்டும், டோனும் இருக்க வேண்டும், அப்போதுதான் பிடிடி (டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யும் சிக்னல்). இதில் ஒரு அழகான வேலை செய்யலாம். பேச்சு முடிந்ததும் அனுப்பும் பக்கம் டோனை மட்டும் உடனே நிறுத்திவிட்டு, கேரியரை அரை செகண்ட் பிடித்து வைக்க வேண்டும். எதிர்ப்பக்க டிகோடர் டோன் போனதை உணர்ந்து மூடும்போது கேரியர் இன்னும் இருக்கும், அதனால் ‘க்ஷ்ஷ்’ வரவே வராது. இதற்கு மேல் ஒரு டைம்-அவுட் டைமர் கட்டாயம் வேண்டும், ரிலே ஒட்டிக்கொண்டாலோ கேரியர் சிக்கிக்கொண்டாலோ டிரான்ஸ்மிட்டரை அது நிறுத்தும்.

முடித்தவுடன் சோதிக்க: 1000 ஹெர்ட்ஸ் தொனியை 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் (ஒலியால் கேரியரின் அதிர்வெண் நகரும் அளவு) உள்ளே கொடுங்கள், வெளியேயும் 3 வர வேண்டும். பிறகு 400-இலும் 2500-இலும் அதையே செய்யுங்கள். மூன்று அளவுகளும் ஒட்டி வரவில்லை என்றால் எம்ஃபசிஸில்தான் கோளாறு, லெவல் குமிழைத் திருகிப் பயனில்லை.